ஆணி அடிக்காத ஸ்டுடியோ

‘செருப்பைக் கழற்றிட்டு வாங்க’ என்று வரவேற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘மேசையைத் தள்ளிட்டு வாங்க’ என்று வரவேற்பவர் நம் ஸ்டுடியோ சார்.

வளசரவாக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறை. 10க்கு 12 அடி. நாம் அதை ‘ரூம்’ என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். மல்டி பர்ப்பஸ் கிரியேட்டிவ் ஸ்டுடியோ! காலையில் அலுவலகம், மதியம் போட்டோ ஷூட், மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, இரவில் பாட்காஸ்ட். “ஒரு பொருள் மூணு வேலை செய்யணும் சார்” என்பார். சொல்பவர் எத்தனை வேலை செய்கிறார் என்று கேட்பது நாகரிகமில்லை.

உள்ளே எல்லாவற்றுக்கும் சக்கரம் உண்டு. அலமாரிக்கு, பச்சைத் திரை மாட்டிய சட்டத்துக்கு, குப்பைக்கூடைக்குக்கூட. இந்த நவீன வடிவமைப்பின் ஊற்றுக்கண் வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரி: ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.’

மடக்கு மேசை பிறந்த கதை இன்னும் விசேஷம். 8க்கு 4 அடி பிளைவுட் பலகை அந்த மாடிப்படியின் வளைவில் திரும்பாது என்பது, பலகை பாதிப் படி ஏறி நின்ற பிறகுதான் தெரிந்தது. ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் ஆசாரி அங்கேயே ரம்பத்தை எடுத்து இரண்டாக அறுத்து, மேலே கொண்டுபோய்க் கீல் வைத்தார். அன்றிலிருந்து சார் வருகிறவர்களிடமெல்லாம் “இது ஃப்ளெக்ஸிபிள் டிசைன்” என்கிறார். படியில் மரத்தூள் இன்னும் இருக்கிறது.

ஒரே குறை, தரையின் வாட்டம். மழைத்தண்ணீர் ஓட மொட்டைமாடிக்கு வைத்த சரிவு, அறை கட்டிய பிறகும் அப்படியே இருக்கிறது. பிரேக் இல்லாத மலிவுச் சக்கரம் வேறு. வீடியோ மீட்டிங்கில் இவர் பேசப் பேச, மேசை மெல்ல பாத்ரூமை நோக்கிப் புறப்படும். ஒரு காலை நீட்டி மேசையைத் தடுத்தபடியே “டெட்லைன் பிரச்சினை இல்ல மேடம்” என்று சொல்ல அபாரப் பயிற்சி வேண்டும்.

ஒலித்தடுப்புக்கு முட்டை அட்டை. 30 முட்டை அட்டை சுமார் ஓர் அடிச் சதுரம். 12க்கு 9 அடிச் சுவருக்கு 108. அதாவது 3,240 முட்டைகளை வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். பரோட்டாக் கடைக்காரர் தயவு. அட்டை உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். வெளிச்சத்தம் நிற்க வேண்டுமானால் கனமான சுவரும் சந்துபொந்து இல்லாத கதவும் வேண்டும். ஆகவே இவருடைய பாட்காஸ்டில் தத்துவம் உச்சத்தை எட்டும்போது ‘பழைய இரும்பு, பேப்பருக்கு...’ என்று தெரு பேசும். அட்டைக்குப் பின்னால் குடியேறிய பல்லி, முக்கியமான இடங்களில் ஆமோதிக்கும்.

குறை சொன்னால் கட்டிடக் கலைஞர் ரீட்வெல்டை இழுப்பார். 1924இலேயே நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஷ்ரோடர் அம்மையாரின் வீட்டு மாடியை நகரும் தடுப்புகளால் அறைகளாகவும் ஒரே கூடமாகவும் மாற்றும்படி அமைத்தவர் அவர். ஆசாரியிடமும் நம் சார் போனில் படம் காட்டி விளக்கினார். ஆசாரி நிதானமாகப் பார்த்துவிட்டு, “அந்தம்மா வாடகைக்கா சார் இருந்தாங்க?” என்று கேட்டார்.

சொந்த வீடுதான். கட்டச் சொன்ன ஷ்ரோடர் 1985இல் இறக்கும்வரை அதில்தான் வாழ்ந்தார். ஸ்டுடியோ சார் அதற்குள் பேச்சை மாற்றிவிட்டார்.

எட்டு மாதத்தில் இங்கே முழுதாக முடிந்த வேலை ஒன்று உண்டு: அக்கா மகளின் சடங்குப் பத்திரிகை. அதையும் அக்கா வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடிதான் வடிவமைத்தார். இங்கே அன்று அலமாரியை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்களாம்.

இப்போது இந்த அறை போதவில்லை என்று வேறு இடம் தேடுகிறார். 10க்கு 14 அடியாவது வேண்டும், படி நேராக இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்து எங்காவது இருந்தால் சொல்லுங்கள். ஆணி அடிக்க விடும் ஓனராக இருந்தால் அட்வான்ஸைக் கூட்டியே தருவார்.