இன்னைக்கு நைட்டு குட்டி

எட்டாவது படிக்கும் மகளைப் பற்றிப் பேசும்போது, “பாப்பாவுக்கு இன்னும் தெரியாதுங்க” என்று குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அப்பாக்கள் இருக்கிறார்களே, அவர்களோடு ஒரே தெருவில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பிள்ளை அவர்களுடையது, பொய் சொல்லும் வேலை மட்டும் நமக்கு.

திண்டிவனம் பக்கத்தில் இந்த ரகத்தாருக்குக் கைகொடுப்பது மயிலிறகு. புத்தகத்துக்குள் வைத்து, பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டு, வானத்துக்குக் காட்டாமல் பொத்தி வைத்தால் குட்டி போடும். நாமெல்லாம் நம்பியதுதான். மூன்றாவது படிக்கையில் நம்பினோம். எவ்வளவு சீவல் போட்டும் ஒன்றும் நடக்காததால் நாலாவதில் விட்டுவிட்டோம். எங்கள் தெருவில் இருக்கும் அப்படியொரு அப்பாவின் வீட்டில் மட்டும் குட்டி வந்துகொண்டே இருக்கிறது. பிரசவம் பார்ப்பவர் இவரே.

சாயங்காலமே வாட்ஸ்அப்பில் தகவல் வந்துவிடும்: “அண்ணா, இன்னைக்கு நைட்டு குட்டி. காலைல பாப்பா வந்து சொன்னா ஆச்சரியப்படுங்க.” பால்காரர், ஸ்டேஷனரி கடைக்காரர், டியூஷன் அக்கா எல்லோருக்கும் இதே உத்தரவு. ஊர் அடங்கியபின், சம்சாரம் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, இவர் கத்தரிக்கோலோடு உட்காருவார். ஒரு சின்ன இறகைத் தேர்ந்தெடுத்து, காம்பை நறுக்கி, ஓரத்தைச் சீராக்கி, வாயால் ஊதி, அறிவியல் புத்தகத்துக்குள் செருகுவார். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடமே இருக்கிறது. குட்டி பிறப்பது அந்தப் பக்கங்களுக்கு நடுவில்தான்.

ஒருமுறை அவசரத்தில் தாயைவிட நீளமான குட்டியை வைத்துவிட்டார். “என்னப்பா, அம்மாவவிடக் குட்டி பெருசா இருக்கு?” என்று பிள்ளை கேட்டது. கொஞ்சமும் அசரவில்லை மனிதர். “அப்பா ஜாடைம்மா” என்றார். அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்கள். வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு ஆச்சரியப்படுவது எவ்வளவு சிரமம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இறகுக்குப் பஞ்சமில்லை. கூட்டேரிப்பட்டில் திரும்பினால் மயிலம். சூரபத்மன் மயில் வடிவ மலையாக நின்றான் என்று தலபுராணம் சொல்லும் ஊர். சுற்றுப்பட்டுக் கொல்லைகளில் நிஜ மயில்களும் ஏராளம். ஆவணி, புரட்டாசி வாக்கில் ஆண் மயில்கள் தோகையை உதிர்க்கும்போது இவர் கைப்பையோடு மல்லாட்டைக் கொல்லைகளில் இறங்கிவிடுவார். “எறகு என்னாத்துக்கு சார், மயிலையே புடிச்சிக்கினு போங்க. வெதச்சத பூராம் நோண்டித் தின்னுடுது” என்று கொல்லைக்காரர் கும்பிடுவார். பிடித்தால் ஜெயில். 1963-லேயே தேசியப் பறவையாகிவிட்டது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு. உதிர்ந்ததைப் பொறுக்கினால் யாரும் கேட்பதில்லை. பொறுக்கியதைத் தன் வீட்டில் வைத்தால் பாப்பா பார்த்துவிடும் என்று, கட்டுக் கட்டாக என் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார்.

நிலாவில் பாட்டி வடை சுடும் கதையும் இவரிடம் உயிரோடு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர் என்று ஊரே பூரித்தது. இவரும் பூரித்தார். “பாட்டிக்குத் தொந்தரவு வேணாம்னுதாம்மா நம்மூர்க்காரரு தென்துருவத்துப் பக்கம் எறக்கினாரு” என்று மகளுக்கு விளக்கமும் சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது. இறகின் ஓரத்தை ஊதும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தவர்களுக்கு அவரைத் திட்ட வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

வரவர இது விளையாட்டாக இல்லை. வானூர் வட்டத்துத் திருவக்கரைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போனோம். வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கல்மரப் பூங்காவுக்குப் போனால், ஏறத்தாழ 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள். சிலிக்கா ஊறி ஊறிக் கல்லாகிவிட்டன. அவற்றில் நம் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததும் உண்டு. புவியியல் ஆய்வுத் துறை பலகையில் எழுதியே வைத்திருக்கிறது. இவர் அந்தப் பலகையை முதுகால் மறைத்து நின்றுகொண்டு, “இதெல்லாம் அசுரனோட எலும்பும்மா” என்றார். ஊரில் அப்படி ஒரு கதை உண்டுதான். அதையும் சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? பலகையை ஏன் மறைக்க வேண்டும்?

போன வாரம் அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். “பெரியப்பா, மயிலிறகு குட்டி போடுறது நெசந்தானே? வேன்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு சண்ட போட்டுட்டு வந்தேன்.” நான் என்ன சொல்ல? அப்பாவையே கேளும்மா என்று அனுப்பினேன். வெறும் இறகுக்காக எந்தப் பிள்ளையும் ஒரு வேன் முழுவதையும் எதிர்த்துச் சண்டை போடாது.

தம்பி, அடுத்த வருஷம் அவள் ஒன்பதாவது. வேனில் எவனாவது அசிங்கமாகச் சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டில் வைத்துச் சொல்லச் சங்கடமாக இருந்தால் திருவக்கரைக்கே இன்னொருமுறை கூட்டிப் போங்கள். பலகையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். மரம் கல்லாவதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, இறகு குட்டி போடாதது அவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருக்காது. கிளம்புவதற்கு முன் என் பீரோவையும் காலி செய்து கொடுத்துவிடுங்கள். புடவை வைக்க இடமில்லை என்று உங்கள் அண்ணி சொல்கிறாள்.