பதிமூணாயிரம் அடி

எங்கள் பெரியம்மா வீட்டு அண்ணனிடம் வெயிலைப் பற்றி மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள். நெம்மேலி பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் தெரியாத்தனமாக, "என்னாண்ணே, இந்தக் காய்ச்சு காய்ச்சுது" என்று சொல்லிவிட்டேன். "கீழ இருக்குறவனுக்குத்தான்டா வெயிலு. பதிமூணாயிரம் அடிக்குப் போய்ப் பாரு, பல்லு தந்தியடிக்கும்" என்று ஆரம்பித்தார். மூன்று பஸ் போய்விட்டது. மூன்றிலும் உட்கார இடம் இருந்தது.

மழையைப் பற்றியும் பேசக்கூடாது. "மேகத்தக் கிழிச்சிக்கிட்டு வந்தவன்டா நானு." டீ விலை ஏறியதைச் சொன்னால், "ஏர்றது என்னா பெரிசு, எறங்குறதுலதான இருக்குது." பையனுக்கு மார்க் குறைந்துபோனதைச் சொன்னால், "நான் வுழுந்தனே, அதுவா வுழுறது?" எந்தத் தெருவில் நுழைந்தாலும் கடைசியில் மாதா கோயில் தெருவுக்கே வந்து நிற்கும் ஆட்டோ மாதிரி, எந்தப் பேச்சும் அந்த விமானக் கதவில் வந்துதான் நிற்கும்.

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, பாம் ஜுமேராவுக்கு மேலே விமானத்திலிருந்து குதித்தவர். ஒரே ஒருமுறை. ஏழு வருஷத்துக்கு முன்னால்.

அந்தக் குதிப்பின் கணக்கு இப்போது எனக்கே மனப்பாடம். 13,000 அடி என்றால் தொட்டபெட்டாவின் தலையில் இன்னொரு அரைத் தொட்டபெட்டாவை ஏற்றி வைத்த உயரம். பெரிய பாராசூட் விரியும்வரை விழுவது ஏறக்குறைய ஒரு நிமிஷம். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் பக்கம். ராட்டினத்தில் வயிற்றைப் பிசைகிற மாதிரி பிசையாதாம். விமானத்தின் வேகம் உடம்பில் ஏற்கெனவே இருப்பதால், குதித்ததும் நேரே கிணற்றில் விழுவதுபோல் இல்லாமல் வளைந்து சறுக்கிக்கொண்டுதான் இறங்குவார்களாம். காற்று இரைகிற இரைச்சலில் காதுக்குப் பக்கத்தில் கத்தினாலும் கேட்காதாம். கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் பேச்சு யார் காதிலும் விழாத ஒரே நிமிஷம் அது. அதற்கு முதலும் வட்டியுமாக இன்றுவரை நெம்மேலிதான் கட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் சும்மா ஊர் இல்லை. 2013-இல் வந்த ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும். 2024-இல் பக்கத்திலேயே இன்னொன்று திறந்தார்கள், அது 15 கோடி. கடலையே வடிகட்டிச் சென்னைக்கு அனுப்புகிற ஊரில், ஒரு நிமிஷக் கதையை வடிகட்ட யாருக்கும் வழி தெரியவில்லை.

கதை முதல் வருஷம் கால் மணி நேரம் ஓடியது. இப்போது விமானம் ஓடுபாதைக்கு வரவே கால் மணி நேரம் ஆகிறது. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால், சாம்பாருக்குக் கையெழுத்துப் போடுவார், ரசத்துக்குக் கதவு திறக்கும், மோருக்குப் பாராசூட் விரியும். மோரோடு எழுந்துவிட்டால் மனிதர் அந்தரத்தில் தொங்குவாரே என்ற பாவத்துக்காக நான் இரண்டாம் முறை மோர் வாங்கியிருக்கிறேன். துக்க வீடும் தப்பவில்லை. எங்கள் பெரிய தாத்தா செத்த அன்று யாரோ, "எல்லாரும் ஒருநாளைக்கு மேல போறவங்கதான்" என்று தேறுதல் சொன்னார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் போய்ட்டு வந்தவன்" என்றார். அழுதுகொண்டிருந்த பாட்டி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அடியில்தான் அவருக்கு எல்லாமே அளவு. ஷீத்தல் மகாஜன் என்ற மராட்டியப் பெண், 2004-இல், வாழ்க்கையில் முதல்முறையாகக் குதித்ததே வட துருவத்தில், பனிக்கட்டிமேல் என்று ஒருநாள் எடுத்துச் சொன்னேன். 2011-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்றும் சொன்னேன். அடங்குவார் என்று நினைப்பு. "எத்தினி அடி?" என்றார். 2,400 என்றேன். "ஹூம்" என்று மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அதோடு வட துருவம் முடிந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோ.

கன்னம் இரண்டும் காற்றில் பூரியாக உப்பி, கண்ணாடிக்குள் கண் பிதுங்க, அண்ணன் வானத்தில் கிடக்கிறார். பின்னால் ஒருத்தர் இருந்திருக்கிறார். அவர் தலையை ஸ்டுடியோக்காரர் நீல வானமாக மாற்றிவிட்டார். கையை எடுத்தால் அண்ணன் தோளும் சேர்ந்து போய்விடும் என்றதால் கையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதனால் படத்தில் அண்ணனுக்கு நாலு கை. வருகிற குழந்தைகள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்கின்றன. பெரியம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அந்தப் படத்துக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் போகிறார்.

காசு கட்டி ஒரு நாளைக்குக் குதிக்க வருகிறவரைத் தனியாக யாரும் தள்ளிவிடுவதில்லை. நாலு கொக்கி போட்டுப் பயிற்சியாளரின் நெஞ்சோடு மாட்டிவிடுகிறார்கள். கதவுவரை நகர்த்திக்கொண்டு போவது அவர். குதிப்பது அவர். இரண்டு பேர் கனத்தில் வேகம் எகிறாமல் இருக்க முதலில் ஒரு சின்னப் பாராசூட்டை வீசுவது அவர். கையில் கட்டியிருக்கும் உயரமானியைப் பார்த்துப் பெரியதை விரிப்பது, காற்றுப் பார்த்துத் திருப்புவது, பூப்போல் தரையில் இறக்குவது எல்லாம் அவர். அண்ணனுக்குக் கொடுத்த வேலை இரண்டு. வெளியே வரும்போது உடம்பை வாழைப்பழம் மாதிரி வளைக்க வேண்டும். தரை கிட்டே வரும்போது காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். தூளியில் கிடக்கிற பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவரு பேரு என்னாண்ணே?"

"யாரு பேரு?"

"உன்னக் கட்டிக்கிட்டுக் குதிச்சாரே, அவரு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "வெள்ளக்காரன் ஒருத்தன்டா. பின்னாடி இருந்தான்."

எங்களுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் திருவிடந்தை. தாயாரை இடப்பக்கம் ஏந்திக்கொண்டு ஆதிவராகர் நிற்கிறார். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையைப் போட்டுக்கொண்டு சுற்றுவது அந்த ஏந்திய சாமியின் கோயிலைத்தான். ஏந்தியவரை அழித்துவிட்டு ஏறி உட்கார்ந்தவருக்குச் சாம்பிராணி போடுவது எங்கள் பெரியம்மா வீட்டில் மட்டுமே நடக்கிறது. உயிரை ஒருவர் கையில் கொடுத்து, சிராய்ப்பில்லாமல் திருப்பி வாங்கிக்கொண்ட மனுஷன் ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாதா? கட்டின திர்ஹம் கடைசிக் காசுவரை ஞாபகம் இருக்கிறது. விமானத்தின் கலர் ஞாபகம் இருக்கிறது. இதில் சிரிக்க எனக்கு எதுவும் இல்லை.

போன தை மாசம் அக்கா பிள்ளைகள் ஊருக்கு வந்திருந்தார்கள். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டும் என்று அடம். பக்கத்துப் பாறைமேல் இருக்கும் பல்லவர் காலத்துச் சிவன் கோயில் உச்சியில்தான் முன்பு விளக்கு ஏற்றினார்களாம். அப்புறம் வந்தது இந்தக் கருங்கல் கோபுரம். நூறு அடி உயரம்கூட வராது. அண்ணன்தான் தலைமை. "பதிமூணாயிரம் பாத்தவனுக்கு இது திண்ணைடா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார்.

மேலே கம்பியோரத்தில் பிள்ளைகள் கடலைப் பார்த்துக் கூச்சல் போட்டன. அண்ணனைக் காணோம். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். கண் இறுக்க மூடியிருந்தது. மேலுதட்டில் வியர்வை. கிட்டே போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாண்ணே, நூறு அடிகூட இல்லியே?"

"பின்னாடி ஆளு இல்லியேடா" என்றார், பிள்ளைகள் காதில் விழாத குரலில்.

ஏழு வருஷத்தில் அந்தக் கதையின் உண்மையான வரியை அன்றுதான் கேட்டேன். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் தோள் இரண்டையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "இந்தக் காலை வை... இப்போ அந்தக் காலு" என்று சொல்லிச் சொல்லி, வளைந்து வளைந்து போகும் அந்தப் படியில் கீழேவரை இறக்கிக் கொண்டுவந்தேன். என் கழுத்து ஒரு வாரம் வலித்தது.

மறுநாள் டீக்கடையில் கூட்டம். கலங்கரை விளக்கத்துக் கதை ஓடிக்கொண்டிருந்தது. காற்று எப்படி அடித்தது, பிள்ளைகள் எப்படிப் பயந்தன, இவர் எப்படித் தைரியம் சொல்லி இறக்கினார் என்று பாதிக் கோபுரம் இறங்கிவிட்டார். "தனியாவாண்ணே இத்தினி பேரையும் சமாளிச்ச?" என்று யாரோ கேட்டார்கள்.

அண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"ஒருத்தன் இருந்தான். பின்னாடி வந்தான்."