போர்வைக்குள் பதினைந்து வருஷம்

அண்ணே, வண்டியைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள் என்றீர்கள். அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் அழகைச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் கடலுக்கு இருநூறு மீட்டருக்குள் நிற்கும் 2010 மாடல் ப்ரியஸ் ஹைபிரிட். கதவோரத்தில்கூட ஒரு பொட்டுத் துரு இல்லை. நம் பக்கத்துக் காற்றில் பால்கனிக் கம்பி படும் பாடு ஊருக்கே தெரியும். நீங்கள் வண்டி எடுத்த சமயத்தில் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொடியில் போட்ட வேட்டி சாயங்காலத்துக்குள் கறுத்துப்போகும். உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2011-இல் அது எண்ணூருக்குப் போன பிறகுதான் தெருவே மூச்சு விட்டது. அந்தக் கரித்தூள் ஒரு துளி படக்கூடாது என்று, வாங்கிய மாசமே அளவெடுத்துத் தைத்துப் போட்டீர்கள் பாருங்கள் ஒரு போர்வை, அதைப்போல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. தையல் பிரிந்த இடத்தில் அண்ணி கையால் தைத்திருந்தார்கள். ஒரு வண்டியை இவ்வளவு நேசித்தவர் நம் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மனசாரச் சொல்கிறேன்.

மீட்டரில் 38 ஆயிரம் கிலோமீட்டர். பதினைந்து வருஷத்துக்கு 38 ஆயிரம்! வடிவுடையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை, கல்யாணம் காட்சிக்கு எப்போதாவது. மற்ற நாளெல்லாம் ஓய்வு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது போர்வையைப் போர்த்தியவர், அந்த வருஷம் முடியும்வரை எடுக்கவே இல்லை என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். எதிர்வீட்டுப் பெட்ரோல் கார்க்காரர் வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் போட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றபோதுகூட நீங்கள் அசையவில்லை.

பின் சீட்டுக்கு வருகிறேன். நல்ல தடிமனான ரெக்சின் கவர், அதன்மேல் டர்க்கி டவல், ஓரம் வரைக்கும் இழுத்துச் செருகியிருந்தது. ஒரு குழந்தை பிஸ்கட் சாப்பிட்டாலும் தூள் உள்ளே போகாது. சீட்டின் பக்கவாட்டில் சல்லடை போட்ட ஒரு சின்ன வாய் இருக்கிறது. அதையும் விட்டுவைக்காமல் கவர் மூடியிருந்தது. பெரிய பேட்டரி மூச்சு விடுவது அந்த வாய் வழியாகத்தான். அதற்கென்று தனி ரேடியேட்டர் கிடையாது. நாம் உட்காரும் இடத்துக் காற்றைத்தான் ஒரு மின்விசிறி இழுத்து பேட்டரிக்குள் அனுப்புகிறது. ஏசியில் நாம் ஜில்லென்று இருந்தால் அதுவும் ஜில்லென்று இருக்கும். நீங்களோ சிக்கனக்காரர். கடற்கரைச் சாலையில் ஏசி எதற்கு என்று கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவீர்கள். பதினைந்து மே மாசமும் அந்த பேட்டரி நம் ஊர்க் காற்றையேதான் குடித்திருக்கிறது, கவரின் இடுக்கு விட்ட அளவுக்கு.

விசிறியைக் கழற்றினேன். இதழ்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் அடை. விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவு மாதிரி நழுவுகிறது, வாயில் வைத்தால் உப்பு. அது காற்றில் வந்த சாம்பலும் கடல் உப்பும் என்று எண்ணூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெளிப் பெயின்டில் ஏறாத புழுதி அத்தனையும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

பிறகு பேட்டரி. ஆரஞ்சு ஒயர் ஓடுகிற இடம் என்பதால் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, ரப்பர் கையுறை போட்டு, பத்து நிமிஷம் காத்திருந்துதான் கை வைத்தேன். உள்ளே 28 கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஆறு செல், செல்லுக்கு 1.2 வோல்ட், ஆக மொத்தம் 201.6 வோல்ட். கட்டைகளை இணைக்கும் செம்புப் பட்டைகள் பச்சை பூத்திருந்தன, பழைய கோயில் விளக்கில் களிம்பு ஏறுமே அந்தப் பச்சை. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை.

கம்ப்யூட்டர் இந்தக் கட்டைகளை ஜோடி ஜோடியாக, பதினான்கு தொகுதியாகத்தான் படிக்கிறது. சும்மா நிற்கும்போது ஸ்கேனரில் பதினான்கும் ஒரே மாதிரி அழகாக நின்றன. வாங்க வருகிற ஆளும் இதோடு திருப்திப்பட்டுப் போய்விடுவார். நான் ஓட்டிப் பார்த்தேன். தேரடி தாண்டி ஆக்சிலேட்டரை அழுத்தியதும் ஒன்பதாவது தொகுதி மட்டும் 14.1-க்கு விழுந்தது, மற்றவை 15.3. வித்தியாசம் 1.2 வோல்ட், அதாவது ஒரு செல்லின் கணக்கு. அந்தத் தொகுதிக்குள் ஒரு செல் போய்விட்டது. நடுவில் இருக்கிற கட்டைகளுக்குக் காற்று குறைவு, சூடு அதிகம். முதலில் சாவது அவைதான். திரையில் எட்டுக் கட்டமாக இருந்த சார்ஜ் மூன்று தெரு தாண்டுவதற்குள் இரண்டு கட்டமாக விழுந்ததும், ‘பி0ஏ80’ என்று பிழை வந்ததும் அதனால்தான்.

போன வருஷம் இதே பிழைக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது வேறொரு பட்டறையில் ஒரே ஒரு கட்டையை மட்டும் மாற்றி, பெரிய செலவை மிச்சப்படுத்தியதாகச் சொன்னீர்கள். அந்த ஒரு கட்டை இன்றும் திடமாகத்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் இருப்பதுதான் இப்போது போயிருக்கிறது. இதையும் மாற்றினால் இன்னொரு பதினொரு மாசம், பிறகு இன்னொன்று. மாற்றிய அந்த ஒன்றைத் தவிர மற்ற 27-உம் ஒரே வயசு, ஒரே சூட்டில் வெந்தவை.

பிரேக்கையும் பார்த்தேன். பேட் புதுசு மாதிரியே இருக்கிறது. ஹைபிரிட்டில் வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி மோட்டாருடையது, அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பிப் போய்விடும். பேட் அதிகம் தேய்வதில்லை. உங்கள் வண்டியில் அது உரசக்கூட வேண்டியிருக்கவில்லை. அதனால் டிஸ்கில் துரு அடுக்காக நிற்கிறது, பின் காலிபர் ஒன்று இறுகிப்போயிருக்கிறது. இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். கிலோமீட்டர் ஆகவில்லை என்று மூன்று வருஷமாக மாற்றவில்லை. தார் மாதிரி வந்தது.

அதே நாள் என் பட்டறையில் இன்னொரு ஹைபிரிட் நின்றதைப் பார்த்திருப்பீர்கள், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தக் கேம்ரி. 2014 மாடல். முன் பம்பர் பிளந்து கம்பியால் கட்டியிருந்தது. சீட் நைந்து பஞ்சு தெரிந்தது. விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்கி 2 லட்சத்து 80 ஆயிரம் ஓடியிருக்கிறது. அதில் 34 கட்டை, 17 தொகுதி. லோடில் வைத்துப் பார்த்தேன்: வித்தியாசம் 0.2 வோல்ட். டிரைவர் தம்பி வண்டியைத் துடைத்ததுகூட இல்லை. ஆனால் பின்னால் எப்போதும் ஆள் இருப்பதால் ஏசி நிற்பதில்லை, தினமும் சார்ஜ் ஏறி இறங்கியபடி இருக்கிறது. நிக்கல் பேட்டரிக்கு வேறு என்ன வேண்டும்? சும்மா நின்றால் அது தானாகவே வடிந்துவிடும். செல்லுக்குச் செல் வடியும் அளவு மாறும், ஒன்றின் கால் ஒன்றோடு சேராமல் போய்விடும்.

அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2 லட்சத்து 6 ஆயிரம் மைல் ஓடிய 2002 ப்ரியஸ் ஒன்றை எடுத்து, பத்து வருஷத்துக்கு முன் புதுசாகச் சோதித்த வண்டியோடு வைத்துப் பார்த்தது. நம் கணக்கில் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல். மைலேஜில் அநேகமாக வித்தியாசமே இல்லை. இலங்கையில் 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025-இல்தான் திறந்தார்கள். அதுவரை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஜப்பானிலிருந்து பழசாக வந்த அக்வாவும் ப்ரியஸும்தான் பல குடும்பங்களைச் சுமந்தன. நிறுத்தி வைக்க அவர்களுக்கு வழியில்லை.

இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டீர்கள். காலையில் குளிர்ந்த இன்ஜின் உதறிக்கொண்டு எழுந்தால் ஹெட் கேஸ்கெட் போகப்போகிறது என்று பயப்பட வேண்டும், இந்த மாடலில் அது உண்டு. உங்கள் வண்டி உதறவில்லை, கூலன்ட்டும் குறையவில்லை. கியர்பாக்ஸில் தேய்வதற்கு பெல்ட்டும் இல்லை, கிளட்சும் இல்லை. பாடி உங்கள் கையில் பிள்ளை மாதிரி இருந்திருக்கிறது. முழு பேட்டரியையும் புதுசாகப் போட்டால் இந்த வண்டி பத்து வருஷம் தாராளமாக ஓடும். ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டு போகும்போது அங்கே இருக்கிறவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். விற்க வேண்டாம் அண்ணே. இதைவிடச் சுத்தமான பாடி இனிக் கிடைக்காது.

விசிறியைக் கழுவி மாட்டிவிட்டேன், பட்டைகளையும் தேய்த்துவிட்டேன். சீட் கவரில் அந்தச் சல்லடைக்கு நேராக ஒரு சதுரம் வெட்டியிருக்கிறேன், மன்னிக்கணும். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டு விம்கோ நகர் வரை போய்த் திரும்புவோம், நானும் கூட வருகிறேன். போர்வையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.