கிரைண்டர் சுருதி: கடைக்கோடையில் பாட்டு டீச்சர் வீடு

கடைக்கோடை என்பது அக்னி நட்சத்திரம் முடிவதற்கும் பள்ளிக்கூடம் திறப்பதற்கும் இடைப்பட்ட காலம். பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் சித்திரை 21இல் பிறந்து வைகாசி 14இல் முடிகிறது. ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. பள்ளி திறக்கும் தேதி பஞ்சாங்கத்தில் கிடையாது. வெயிலைப் பார்த்து அரசு அதை முடிவுசெய்யும்: 2024இல் ஜூன் 10, 2025இல் ஜூன் 2. ஆக, கடைக்கோடையின் தொடக்கத்தைச் சோதிடமும் முடிவைப் பள்ளிக் கல்வித் துறையும் நிர்ணயிக்கின்றன. இந்தக் குறுகிய பருவத்தில் கொங்கு நாட்டுப் பாட்டு டீச்சர் வீட்டில் சுருதி எங்கிருந்து பிறக்கிறது என்பதே இங்கே ஆராயப்படும் பொருள்.

பாட்டு டீச்சர் வீட்டைத் தெருவில் நின்றே இனங்காணலாம். கோவையில் ராம் நகர், சாய்பாபா காலனி, வடவள்ளி, ராமநாதபுரம் போன்ற பகுதிகளில் மாடிப்படிக்கு அடியில் செருப்புக் குவியலுடன் அது காணப்படும். ரேஷன் கார்டில் உள்ள தலைகளைவிட வாசலில் உள்ள ஜோடிகள் அதிகமென்றால் உள்ளே சரளி வரிசை நடக்கிறது என்று கொள்க. முன்னறையில் ஒரு கோரைப்பாய், ஒரு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி, உறை போட்டு மூலையில் சாத்திய தம்புரா. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு உண்டு; அது சாத்தப்படுவதில்லை. டீச்சர் மலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியிலோ அவினாசிலிங்கத்திலோ படித்திருப்பார். கணவர் பம்புசெட் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். மாமியார், பிளஸ் டூவுக்குப் போகும் மகன், எட்டாவது முடித்த மகள் ஆகியோர் ஏனைய உறுப்பினர்கள். ஆட்கள் வீட்டுக்கு வீடு மாறலாம். சாத்தாத கதவு மட்டும் மாறாது.

முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாணவர் வரத்து பெருகும். ஆண்டு முழுக்க வருவோர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பெங்களூரிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ அம்மிச்சி வீட்டுக்கு லீவுக்கு வந்த பேத்திகள். இவர்களை அழைத்துவரும் அம்மிச்சி கேட்கும் கேள்வி ஒன்றே: "ஏனுங்க டீச்சர், புள்ளை ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு பாட்டு வந்துருமுங்களா?" சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று மாயாமாளவகௌளையில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் பாடமுறையைப் புரந்தரதாசர் 16ஆம் நூற்றாண்டில் வகுத்தார் என்பது மரபு. திரும்பிப் போகும் விமான டிக்கெட்டுக்கு அவர் அதில் இடம் ஒதுக்கவில்லை. எனவே டீச்சர் நான்கு வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டு நேரே ஒரு முருகன் பாட்டுக்குத் தாவுகிறார். மருதமலை முருகன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

லீவு மாணவர்களுக்கு இடம் கொடுக்க வகுப்புகள் மாலைக்குள் நெருக்கப்படுகின்றன. மோதல் அங்கேதான் தொடங்குகிறது. மார்கழியில் ஒருமுறை ஆட்டிய இட்லி மாவு நாலு நாள் தாங்கும். கடைக்கோடையில் ஆட்டிவைத்த ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி, மறுநாளே புளித்துத் தோசைக்கு ஒதுங்கிவிடும். ஆகையால் கொஞ்சமாகவும் அடிக்கடியும் ஆட்ட வேண்டியிருக்கிறது. உச்சி வெயிலில் ஆட்டினால் உளுந்து சூடேறும். ஐஸ் தண்ணீர் விட்டுக்கொண்டே நிற்க வேண்டும். ராத்திரி ஆட்டினால் மாடி வீட்டுக்காரர் தூங்க முடியாது. மிஞ்சுவது மாலை ஐந்தரை. பாட்டு வகுப்பும் மாலை ஐந்தரை. "அம்மணி, உளுந்து ஊறிப்போச்சு, போட்டுறட்டுமா?" என்று மாமியார் கேட்பது மரியாதைக்காக. "போடுங்கத்தை" என்பது விடை. வேறு விடை பதிவாகவில்லை. உளுந்துக்கு அரை மணி, அரிசிக்கு அரை மணி. வகுப்பும் ஒரு மணிதான்.

கிரைண்டர் போடும் சத்தத்தை இரைச்சல் என்று தள்ளிவிடுவது பாமர வழக்கு. கணக்கு வேறு சொல்கிறது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலைகள் கொண்டது. ஒற்றைப் பேஸ் மோட்டார் அதன் இருமடங்கில், அதாவது 100 ஹெர்ட்ஸில், அதிர்ந்து முனகும். அதன் மேல்ஸ்தாயி 200 ஹெர்ட்ஸும் கூடவே கேட்கும். பெண்கள் பாடும் ஐந்து கட்டைச் சுருதி 196 ஹெர்ட்ஸ், ஐந்தரைக் கட்டை ஏறத்தாழ 208. ஆக, கிரைண்டர் பாடுவது ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே, ஐந்தை ஒட்டி, அரைச்சுர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு மேலே. ஒரு கட்டையில் பாடும் ஆண்களுக்கோ அது இன்னும் நெருக்கம். அவர்களுடைய தம்புராவின் முதல் தந்தியான மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ், கிரைண்டர் 100. சமையலறையில் யாரோ பஞ்சமத் தந்தியைக் கொஞ்சம் கூட முறுக்கிவிட்டு ஓயாமல் மீட்டுவதாக அவர்கள் காதில் விழும். சுருதிப்பெட்டி ஐந்து கட்டையில் சரியாக நிற்க, கதவு திறந்திருக்க, பத்து வயதுப் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? சத்தம் பெரிதாக இருப்பதைத்தான். அரை மணி நேரம் போனால் வகுப்பே ஒரு முடி மேலேறி நிற்கும். உளுந்து முடிந்து கிரைண்டர் நின்றதும் ஒரு கணம் எல்லோரும் தவறாகப் பாடுவது போலிருக்கும். பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், இப்போதுதான் தெரிகிறது.

இந்தச் சுருதிக்கு வரலாறு உண்டு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அதன் மின்சாரம் கோவை ஆலைகளை ஓட்டியது. 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வந்தது. பின்னாளில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது. ஜெனீவாவிலுள்ள உலகத் தரநிர்ணய அமைப்பு 'ஏ' என்னும் சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று பரிந்துரை செய்ததும் அதே 1955இல்தான். ஜெனீவாவும் கோவையும் ஒரே ஆண்டில் ஆளுக்கொரு சுருதியை நிலைநாட்டின, இரண்டும் ஒத்துப்போகவில்லை. 1882இல் பிறந்த புல்லாங்குழல் மேதை பல்லடம் சஞ்சீவ ராவும், 1908இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளும் ஆட்டுக்கல் காலத்துப் பிள்ளைகள். ஆட்டுக்கல்லுக்கு நடை உண்டு, சுருதி கிடையாது. அவர்களுடைய சுருதி சுத்தத்துக்கு இதைக் காரணமாகச் சொல்லத் துணிவோரும் இருக்கலாம். இந்த ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை.

முக்கியமான திருப்பம் 2013 டிசம்பர் 31. அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்ற மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. அதுவரை தெற்கே ஒரு சுருதி, வடக்கே ஒரு சுருதி. அதன்பின் பீளமேட்டுக் கிரைண்டரும் பாட்னாவின் ஃபிரிட்ஜும் ஒரே சுருதியில் முனகுகின்றன. மின்தொகுப்பு விதி 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரைதான் இடம் தருகிறது. ஆகவே முனகல் 99.8க்கும் 100.1க்கும் நடுவே கட்டுண்டு கிடக்கும். வெயிலில் தந்தி தளர்ந்து இறங்கும் தம்புராவுக்கு இப்படியொரு ஒழுக்கம் வாய்க்காது. மேற்குச் சுவர் ஓரம் வைத்த வீணையின் நிலைமை அதைவிட மோசம்: அதன் 24 மெட்டுகளையும் பிடித்திருப்பது தேன்மெழுகு. சூடேறினால் மெழுகு இளகும், மெட்டு நகரும், காந்தாரம் தன்னிஷ்டத்துக்குப் போகும்.

வகுப்புக்கு ஆதாரம் கிரைண்டரே என்ற கருத்தைச் சோதிக்க மின்வாரியமே வசதி செய்து தந்திருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் சாயங்காலம் வரை வராது. கிரைண்டர், ஃபிரிட்ஜ், தெருமுனை டிரான்ஸ்பார்மர் எல்லாம் வாய்மூடிவிடும். அன்று வகுப்பைப் பகலுக்கு மாற்றி, பேட்டரியில் ஓடும் சுருதிப்பெட்டியை மட்டும் நம்பி நடத்தும்போது, பழைய மாணவர்கள் ஆதாரம் தேடித் தடுமாறுவதைக் காணலாம். டல்லாஸிலிருந்து லீவுக்கு வந்த மாணவிக்கு இந்தக் குறை இல்லை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அவள் வேறொரு சமையலறையில் வளர்ந்தவள்.

மற்ற ஒலிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மிக்ஸிக்கு நிலையான சுருதி இல்லை. தேங்காய் கெட்டியாக இருந்தால் வேகம் குறைந்து குரல் சரியும், தண்ணீர் விட்டதும் எழும்பும். எனவே அது கமகத்தின் பாற்படும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாள் தனி ரகம். அணையின் முழு மட்டம் ஏறத்தாழ 50 அடி. கடைக்கோடையில் அது அடிமட்டத்தைத் தொட, குழாய் திறக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். தண்ணீர் வந்துவிட்டால் எந்த ராகமானாலும் அப்படியே நிற்கும். குடம் நிறைய நிறைய உள்ளே காற்றுக்கு இடம் சுருங்கிச் சத்தம் மேலேறும்; ஆரோகணம் மட்டுமே கொண்ட உருப்படி அது. அவரோகணத்தை மகன் குடத்தைத் தூக்கிக்கொண்டு முனகியபடி செய்துகாட்டுவான்.

தாளம் கணவரின் பொறுப்பு, அவருக்கே தெரியாமல். ஐபிஎல் ஆட்டம் மாலை 7.30க்குத் தொடங்கும், கடைசி வகுப்பு எட்டு மணி வரை போகும். டிவி மியூட்டில் ஓடுகிறது. விக்கெட் விழும்போது அவர் தொடையில் போடும் தட்டு ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில் எதிலும் விழாது. அதை அதீத எடுப்பு என்பதா அனாகத எடுப்பு என்பதா என்பது டீச்சருக்கும் அவருக்கும் இடையே ஆண்டுதோறும் எழும் பிரச்சினை. "ஏனுங்க, கையைக் கட்டிட்டுப் பார்க்க மாட்டீங்களா?" என்பது இலக்கணத் தீர்ப்பு. வழக்கமாக மே கடைசியில் ஐபிஎல் ஓய்ந்துவிடும். 2025இல் நடுவே நிறுத்தப்பட்டதால் இறுதி ஆட்டம் ஜூன் 3இல், பள்ளி திறந்த மறுநாள் நடந்தது. அந்த ஆண்டு குடும்ப அமைதி சற்றுத் தாமதமாகத் திரும்பியது.

குரல்வளம் பற்றிய சாத்திரம் டீச்சர் வீட்டில் கண்டிப்பானது. ஐஸ் கூடாது, மாம்பழம் கூடாது, தயிர் ராத்திரியில் கூடவே கூடாது. ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்து மாணவர் வீடுகள் சம்பளத்தோடு இளநீர்க் குலையும் ஒரு கூடை இமாம் பசந்தும் கொடுத்தனுப்புகின்றன. கூடையை வீட்டார் காலிசெய்ய டீச்சர் சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு பார்ப்பார். இரவு ஒன்பதரைக்கு மேல், அடுத்த வகுப்புக்கு இருபது மணி நேரம் இருக்கும்போது, சாத்திரம் தளர்வதாகத் தெரிகிறது. காலையில் பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால் காய்ச்சப்படுவது இதற்குச் சான்று.

டீச்சரின் சொந்தப் பிள்ளைகள் பாட்டு கற்றுக்கொள்வதில்லை, கற்றுக்கொள்ளாமலிருக்க முடிவதுமில்லை. மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் ஊர்க்காரர் என்ற உரிமையோடு ஹிப்ஹாப் தமிழா கேட்கிறான். ஆனாலும் முன்னறையில் நிஷாதம் இறங்கினால் அவன் முகம்தான் முதலில் சுளிக்கும். மகள் குளியலறையில் மட்டும் வர்ணம் பாடுவாள், முதல் காலத்தில் தொடங்கித் தண்ணீர் தீரும் நேரத்தில் மூன்றாம் காலத்தில். "கண்ணு, அந்த நி-யைக் கொஞ்சம் தூக்கிப் பாடோணும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தால் பாட்டு நின்றுபோகும். டீச்சர் இப்படிச் சமையலறையில் நின்றே முன்னறை மாணவரைத் திருத்துவதும் வழக்கம். அங்கே, கிரைண்டருக்குப் பக்கத்தில், அவர் எந்தச் சுருதியை வைத்துத் திருத்துகிறார் என்று எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை.

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று கிளம்பும். உடுமலைக் காற்றாலைகள் வேகம் பிடிக்கும். முன்னறையில் சுரம் எழுதிய நோட்டுகள் பறக்கும். வெக்கை தணிந்து மாவு மெதுவாகப் பொங்கத் தொடங்க, கிரைண்டர் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையும். "ஸ்கூல் தொறந்துட்டுதுங்க, ட்யூஷன் டைம் பார்த்துட்டுச் சொல்றோமுங்க" என்ற செய்தி வரிசையாக வந்து, வாசலில் செருப்பு குறையும்.

சுருதிப் பிணக்குக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. கிரைண்டரை ஐந்து கட்டைக்கு இறக்குவது முதலாவது. அதற்கு நாட்டின் மின்தொகுப்பு முழுவதையும் 49 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். விதி இடம் தராது. மற்றது, சுருதிப்பெட்டியில் நுண்சுருதிக்கென்று இருக்கும் குமிழை ஐந்து கட்டையிலிருந்து ஒரு நூல் மேலே திருப்பிவைப்பது. இதற்குச் செலவில்லை, மின்வாரியத்தின் அனுமதியும் வேண்டாம். மாலை ஐந்தரைக்கு வகுப்பு எடுக்கும் டீச்சர்கள் உளுந்து போட்டதும் திருப்பிக்கொள்ளலாம். அரிசி வழித்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும்.