மாடும் மாடியும்

சிகாகோ என்றதும் நம்மூரில் விவேகானந்தர் வந்து நிற்பார். 1893 செப்டம்பரில் அவர் முழங்கிய கட்டடம் இன்று அந்த ஊரின் கலைக் காட்சியகம். அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாள் சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டியதில் நமக்குப் பெருமை. ஆனால் சிகாகோவின் கட்டடக் கதையைச் சுவாமியிலிருந்து தொடங்கினால் சரிப்படாது. ஒரு மாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டுக்குச் சொந்தக்காரர் கேத்தரின் ஓலியரி. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து, டிகோவன் தெருவில் பால் வியாபாரம் செய்தவர். 1871 அக்டோபர் 8, ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில் அவர் தொழுவத்தில் தீப்பிடித்தது. பால் கறக்கும்போது மாடு லாந்தரை உதைத்துவிட்டது என்றது ஊர். "நான் அப்போதே படுத்துவிட்டேன்" என்றார் அந்த அம்மாள். ஏழை சொல் எந்த ஊரில் அம்பலம் ஏறியிருக்கிறது? ராத்திரி ஒன்பதுக்கு எந்த மாடு மடியைக் கொடுக்கும் என்று ஒரு பால்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலே வழக்கு முடிந்திருக்கும்.

வீடுகள் மரம். நடைபாதை மரம். பல தெருக்களுக்குத் தார் போடும் இடத்தில் மரக்கட்டையைப் பாவியிருந்தார்கள். நல்ல மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அதாவது அடுப்பு மூட்டி, விறகு அடுக்கி, பிறகு அதற்குச் சிகாகோ என்று பெயர் வைத்திருந்தார்கள். நீதிமன்றக் கோபுரத்தில் காவலிருந்தவர் புகையைப் பார்த்தார், இடத்தைத் தப்பாகக் கணித்தார், தீயணைப்பு வண்டிகளை வேறு திசைக்கு அனுப்பினார். சுமார் 300 உயிர், 17,000க்கு மேல் கட்டடங்கள் போயின. ஒரு லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். ஓலியரியின் வீடோ அப்படியே நின்றது, காற்று எதிர்ப்பக்கம் வீசியதால். அக்கம்பக்கத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா!

விசாரணைக் குழு கூடியது. தீ எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை என்று எழுதிவைத்துவிட்டு எழுந்துபோனது. பிற்பாடு ஒரு நிருபர், லாந்தர் கதை நாங்கள் ஜோடித்தது என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் மாடு உலகப் புகழ் அடைந்திருந்தது.

இன்னொருவர் கதை இதற்கு நேர்மாறு. 1869இல் சுண்ணாம்புக் கல்லில் எழுப்பிய வாட்டர் டவர். எதிரேயிருந்த நீரேற்று நிலையத்தின் கூரை எரிந்து இயந்திரங்கள் நின்றன. குழாய்களில் தண்ணீர் வற்றியது. டவர் மட்டும் நோகாமல் பிழைத்தது. ஊரே எரிந்தபோது தண்ணீர் தராத தண்ணீர்க் கோபுரத்துக்கு நினைவுச்சின்ன மரியாதை. சும்மா நின்ற மாட்டுக்குக் கொலைப்பழி! 1882இல் வந்த ஆஸ்கார் வைல்டுதான் உள்ளதைச் சொன்னார்: கோட்டை வேஷம் போட்ட அவலட்சணம், உடம்பெல்லாம் மிளகுப்பொடி டப்பி. ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது.

மாடு போன இடத்தில் மாடி வந்தது. வெந்த நிலத்தில் 1885இல் ஒரு காப்பீட்டு நிறுவனம், வில்லியம் லெ பாரன் ஜென்னியை வைத்து, இரும்புச் சட்டத்தில் பத்து மாடி எழுப்பியது. வானளாவிகளின் பாட்டன் என்று கொண்டாடிவிட்டு, 1931இல் அதையும் இடித்தார்கள். நெருப்புக்குத் தப்பினாலும் ரியல் எஸ்டேட்டுக்குத் தப்ப முடியாது. இரும்பை நம்பாமல் செங்கல்லையே நம்பிய மோனட்னாக் 1891இல் பதினாறு மாடி ஏறியது. அடிச்சுவர் ஆறடி கனம். அது இன்றும் இருக்கிறது.

தெற்கே இறைச்சித் தொழிலின் தலைமையகமான யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ். ஒரு மாட்டின்மேல் பழி போட்ட ஊர், மற்ற மாடுகளை லட்சக்கணக்கில் வரவழைத்து டப்பாவில் அடைத்தது. 1865இல் திறந்த சந்தை 1971இல், தீப்பிடித்து நூறாண்டு ஆன வருஷத்தில், இழுத்து மூடப்பட்டது. கல் வாசல் மட்டும் மிச்சம். நடு வளைவுக்கு மேலே, சாமி சிலைபோல ஒரு காளையின் தலை.

ஓலியரியின் தொழுவம் இருந்த இடத்தில் பின்னாளில் எழுந்தது தீயணைப்புப் பயிற்சிப் பள்ளி. 1997இல் நகர மன்றம் கூடி அம்மாளையும் மாட்டையும் நிரபராதிகள் என்று அறிவித்தது. அம்மாள் இறந்தே நூறாண்டு தாண்டியிருந்தது. நம்மூர் வாய்தாக்களே வெட்கப்படும் வேகம். வண்டியைத் தப்பான திசைக்கு அனுப்பியவரைப் பற்றித் தீர்மானம் எதுவும் கிடையாது.