நீலக் கவருக்கு வலப்பக்கம்

"அடடா, இப்பத்தான் சார் பறந்துச்சு!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கரணை ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் இந்த வரவேற்பு. கழுத்தில் பைனாகுலர், தலையில் காட்டுப்பச்சைத் தொப்பி, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த பாவனை. ஆனால் கண்ணில் மட்டும் ஒரு மினுக்கம். அந்த மினுக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்ன பறவை என்று நான் கேட்க வேண்டுமாம். கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை வயிறு எரிந்தது போதும்.

பங்குனி பிறந்துவிட்டால் பறவை பார்க்கிற நம் ஆட்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மழைக்காலத்திலிருந்து இங்கே சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த உள்ளான்கள் வடக்கே கிளம்பும் நேரம். கிளம்பும் முன் கல்யாண உடுப்பு வேறு மாட்டிக்கொள்ளும். இத்தனை நாள் சாம்பல் பூசிக்கொண்டு நின்ற கர்லியூ சேண்ட்பைப்பர் செங்கல் நிறத்துக்கு வரும். கருவால் மூக்கனுக்குக் கழுத்து சிவக்கும். ஆகவே உள்ளான்களைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சமயம் கிடையாது. கொசு உள்ளான் என்கிற லிட்டில் ஸ்டின்ட்டையும் அதன் பங்காளி டெம்மிங்க் ஸ்டின்ட்டையும் பிரித்தறிவது எப்படி என்று விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். விளக்குகிறேன். அதற்கு முன் மனதில் கிடக்கும் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன்.

"இப்பத்தான் பறந்துச்சு" ஆசாமிகளாவது தேவலை. பறவை போச்சு, விவகாரம் முடிந்தது. பறவை இருக்கும்போதே அதைக் காட்டிக் கொடுக்கிறேன் என்று பக்கத்தில் வந்து நிற்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

"சார், அந்தப் புல்லுக்குப் பக்கத்துல."

"எந்தப் புல்லு?"

"பச்சையா இருக்கு பாருங்க."

2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்புநிலம் இது. அதன் பரப்பு 1,247 ஹெக்டேர். அதில் பச்சையாக இருக்கும் புல்லைத் தேட வேண்டுமாம்.

"தெரியலீங்களே" என்றால் அடுத்து கடிகாரத்துக்குப் போவார்கள். "பதினோரு மணியில பாருங்க." அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருந்த ஒரு தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் இருக்குமா சார்?" என்று கேட்டான். அவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாருடைய பதினோரு மணி என்பதுதானே கேள்வி? சொல்கிறவர் பெருங்குடிக் குப்பைமேட்டைப் பார்த்து நிற்கிறார். நான் துரைப்பாக்கத்தைப் பார்த்து நிற்கிறேன். அவருக்குப் பதினொன்று என்றால் எனக்கு மணி எட்டோ ஒன்பதோ.

கடிகாரமும் கைவிட்டால் அடுத்தது எருமை.

"எருமை தெரியுதா?"

"தெரியுது."

அரை மணி நேரத்தில் இருவரும் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம். அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

"அது முதுகுல காக்கா தெரியுதா?"

"தெரியுது."

"அந்தக் காக்கா மூக்குக்கு நேரா அப்படியே வாங்க..."

காக்கா திரும்பிக்கொண்டது. போகட்டும், எருமையின் கொம்பிலிருந்து தொடங்கலாம் என்று பேசி முடிவெடுப்பதற்குள் எருமை நிதானமாகத் தண்ணீரில் இறங்கி மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. சரி, பக்கத்தில் நிற்கிற கொக்கு? கொக்கு எருமையை நம்பித்தான் அங்கே நின்றதாம், எழுந்து போய்விட்டது.

இந்த இடத்தில்தான் அனுபவசாலிகள் அந்தச் சொற்றொடரை எடுப்பார்கள்: "அந்த நீலக் கவருக்கு வலப்பக்கம்."

கிடைத்துவிட்டது! நீலக் கவர் நகராது, பறக்காது, முங்காது. மழையில் கரையாது, வெயிலில் வாடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இந்தப் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. தடை போட்டுவிட்டால் எங்களுக்கு அடையாளத்துக்கு என்ன வழி என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நல்லவேளை, கடைக்காரர்கள் யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு உள்ளூர் ஆள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தெர்மாகோல் பெட்டிக்குப் பின்னால் நாமக்கோழி, ஒற்றைச் செருப்புக்கு முன்னால் ஆட்காட்டி, பெயின்ட் டப்பாவுக்கு மேலே மீன்கொத்தி என்று முகவரியோடு சொல்வார். வெளிநாட்டிலிருந்து பறவை பார்க்க வந்தவருக்கு நாங்கள் இப்படி வழி சொல்வதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை. நேரிலேயே நின்று கேட்டேன். மனிதர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். பறவையைப் பார்த்தாரா என்று தெரியாது. கவரைப் பார்த்துவிட்டார்.

குப்பையே இல்லாத இடமாகப் போகலாமே என்பீர்கள். போனேனே! மாங்காட்டுப் பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிக்கு. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னைக்குக் குடிநீர் கொடுத்த குட்டைகள். அங்கே "அந்தப் பாறைக்குப் பக்கத்துல" என்றார்கள். குவாரியில் பாறையைத் தவிர வேறு என்ன இருக்கும்? போதாக்குறைக்கு, உள்ளானுக்கு வேண்டியது கணுக்கால் அளவு தண்ணீரும் மூக்கு இறங்குகிற சேறும். குவாரி சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குகிறது. ஓரமே கிடையாது, ஓரத்தில் நிற்கிற பறவைக்கு எங்கே போவது? முக்குளிப்பான் ஒன்று இருந்தது. காட்டியவர் கையை நீட்டினார், அது முங்கியது. அது வேறெங்கோ எழுந்ததும் அவர் கை அங்கே திரும்பும், மறுபடி முங்கும். கடைசிவரை எனக்குக் காட்டப்பட்டது வளையம் வளையமாகத் தண்ணீர்தான்.

வேடந்தாங்கலில் இந்தத் தொல்லை இருக்காது, கூடுகளெல்லாம் ஏரிக்குள் இருக்கும் மரங்களில்தானே என்று நினைத்தால், அங்கே "அந்த மரத்துல". துரைமார் பறவைகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798-இல் காப்பாணை எழுதிக் கொடுத்த ஏரி அது. அதே கையோடு மரங்களுக்கு நம்பரும் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் கடைசியில் தொடவே ஆரம்பித்துவிடுவார்கள். தோளில் கை போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, "என் விரல் நுனியைப் பிடிச்சுட்டே போங்க." விரல் நுனி என் கண்ணுக்கு அரையடி முன்னால் இருக்கிறது, நகத்தில் நேற்றைய மசாலாவோடு. பறவை அறுபது மீட்டருக்கு அப்பால். நடுவில் போகிற தண்ணீர் லாரியை யார் கணக்கில் எடுத்துக்கொள்வது? டெலஸ்கோப் வைத்திருக்கிறவர் இன்னும் மோசம். "ஃபோகஸ் பண்ணி வச்சிருக்கேன், ஸ்டாண்டைத் தொடாம பாருங்க" என்பார். குனிந்து பார்த்தால் மிகத் துல்லியமாக, மிக அழகாக, சேறு.

அந்தக் கொசு உள்ளானை எண்ணிப் பாருங்கள். எடை சுமார் 25 கிராம். ஆர்க்டிக் கரையோரத் துந்திராவுக்கு, யாரும் மணி சொல்லாமல், எருமை காட்டாமல், தானே போய்ச் சேர்கிறது. பதினாறு வருடம் படித்து, பைக் ஈஎம்ஐ கட்டுகிற இரண்டு பேரால் அறுபது மீட்டர் கடக்க முடியவில்லை.

ஆமாம், பிரித்தறிவது எப்படி என்று சொல்ல வந்தேனே. காலைப் பாருங்கள் என்கின்றன புத்தகங்கள். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், டெம்மிங்குக்கு மஞ்சள் கலந்த பச்சை. புத்தகத்தில் எழுதியவர் பள்ளிக்கரணைச் சேற்றில் காலை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். எல்லாக் காலும் கறுப்புத்தான், என்னுடையது உட்பட. வேறு வழி உண்டு, ஆனால் அதற்கு முதலில் பறவை கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் அன்றைக்குத் தொப்பிக்காரர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் ஆனதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "ஆங், தெரியுது, தெரியுது."

"நல்லாத் தெரியுதா?"

"சூப்பரா இருக்கு சார்."

"வாலை ஆட்டுது பாத்தீங்களா?"

"ஆட்டுது, ஆட்டுது."

"ஸ்டின்ட்டு வாலை ஆட்டாது சார்" என்றார் அவர், பைனாகுலரை இறக்காமலே. "ஆட்டினா அது காமன் சேண்ட்பைப்பர்."

இனி அந்த மனிதர் நிற்கிற பக்கம் நான் போவதாக இல்லை. கோரைப்புல்லைத் தவிர எதுவும் தெரியாத மூலை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. ஆகவே காட்டவும் யாரும் வர மாட்டார்கள்.