முதலாளி அப்பா

பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது சட்டம். 1986-இல் வந்த சட்டத்தை 2016-இல் இன்னும் இறுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்: ஆபத்தில்லாத தொழிலாக இருந்தால், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் சொந்தக் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்யலாம். அதாவது, கூலி என்று வாயைத் திறந்தால் "உனக்குச் சோறு போடுறது யாரு?" என்று கேட்கிற முதலாளியிடம் மட்டும் வேலை பார்க்கலாம். (சினிமாவில் நடிக்கவும் போகலாம், சர்க்கஸில்தான் கூடாது. 'லைஃப் ஆஃப் பை' படத்தை எங்கள் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் எடுத்துவிட்டுப் போன பிறகு, ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் அந்த வழியைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.)

எண்பதுகளின் கடைசியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டி எங்கள் மளிகைக் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் பொட்டலம் கட்ட வேண்டும். சம்பளம் ஒரு பன்னீர் சோடா. மாதக் கடைசியில் அதுவும் கிடையாது; "கணக்குல எழுதிக்கலாம்" என்பார் அப்பா. அந்தக் கணக்கு நோட்டை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

வெளியே நாலு காசு பார்க்கப் புதுச்சேரியில் வேறு ஊரில் இல்லாத ஒரு வழி இருந்தது: சொல்தா தாத்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று போய் வந்தவர்கள். ஊர் 1954-இல் இந்தியாவிடம் கைமாறியது, 1962-இல் சட்டப்படியும் முடிந்தது. பிரான்சிலிருந்து வருகிற பென்ஷன் மட்டும் நிற்கவே இல்லை. எங்கள் தெருத் தாத்தாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன், வெற்றிலை வாங்கி வருவேன். பிரெஞ்சுத் தேசிய தினமான ஜூலை 14 நெருங்கினால்தான் உண்மையான சீசன். அன்றைக்கு அவர் நெஞ்சு நிறைய மெடல் குத்திக்கொண்டு போக வேண்டும். அத்தனையையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது என் பொறுப்பு. மெடலுக்கு இவ்வளவு என்று ரேட். அவர் இன்னும் ரெண்டு சண்டைக்குப் போயிருக்கக் கூடாதா என்று நான் மனதார வருந்திய காலம் அது.

ஒரு வருஷம் சில்லறை இல்லை என்று பத்து பிராங்க் காசு ஒன்றைக் கையில் வைத்தார். வெளிநாட்டு வருமானம்! தெருமுனை அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கமர்கட்டு வராது தம்பி" என்றார். அப்பாவிடம் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தார், கல்லாவில் போட்டுப் பூட்டினார், "கணக்குல எழுதிக்கலாம்" என்றார். 2002-இல் யூரோ நோட்டும் காசும் புழக்கத்துக்கு வந்து பிராங்க் செத்துப்போனது. கணக்கு மட்டும் நிலுவையில் நிற்கிறது.

இப்போது என் மகனுக்குப் பதிமூன்று வயது. வார இறுதியில் ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்களின் முன்னால் வரிசையில் நிற்கிற சென்னை, பெங்களூர்க்காரர்களுக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்துக் காசு கேட்கப்போகிறேன் என்றான். அவன் அம்மா பார்த்த பார்வையில் அந்தத் தொழில் திறப்பு விழாவுக்கு முன்பே மூடப்பட்டது. அடுத்து, நான் வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்த தொடர்கதைகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டான். நல்ல எடை, நல்ல காசு. அந்த ஞாயிற்றுக்கிழமையே காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அவற்றைக் கண்டுபிடித்து, மூன்று மடங்கு விலைக்கு வாங்கி வந்தேன். "பார்த்தீங்களா, நான்தான் கம்மியா வித்துட்டேன்" என்றான் வருத்தத்தோடு. வியாபார ரத்தம்.

பிறகு யூடியூப் சேனல். ஆரம்பிக்கலாம், ஆனால் விளம்பரப் பணம் வாங்கப் பதினெட்டு வயது ஆக வேண்டும், அதுவரை பெரியவர் ஒருவரின் கணக்குக்குத்தான் வரும் என்று சொன்னேன்.

"யார் கணக்கு?"

"என் கணக்குதான்."

பையன் பேசாமல் எழுந்து போய்விட்டான். பிராங்க் கதையை அவன் பாட்டி முன்பே சொல்லிவைத்திருக்கிறாள்.

ஆனால் காலம் மாறித்தான் இருக்கிறது. பத்து வயது நிரம்பிய பிள்ளைகள், வங்கி வைக்கிற வரம்புக்குள், தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் சொல்லிவிட்டது. கடை வைத்திருக்கிற அப்பாக்களே, அம்மாக்களே, ஒன்றாம் தேதி கடைப்பையனுக்குச் சம்பளம் கொடுக்கும்போது உங்கள் வீட்டுப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஏதாவது ஒரு தொகையை அந்தக் கணக்கில் போடுங்கள். பாஸ்புக்கை மட்டும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.